புதுவீட்டுக்கு மண்ணுக்கடியில் வரும் இணைப்புகள்: மலையடிவாரத்தில் வீடு கட்டுவோர் கவனத்திற்கு

வீட்டுக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அளிக்கும் மதிப்பீட்டில் அடித்தளம், சுவர், கூரை, பூச்சு, தரை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கிடப்பட்டிருக்கும். மின்கம்பத்திலிருந்து வீடுவரை புதைக்கப்படும் கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, எர்த் குழி ஆகியவையோ பெரும்பாலும் ‘இதர செலவுகள்’ என்னும் ஒரே வரியில் அடங்கிவிடும். இதன் விளைவு கடைசியில்தான் தெரியவரும். கடன்தொகை முழுவதும் பெறப்பட்டிருக்கும். வீடும் எழுந்து நிற்கும். ஆனால் விளக்கு எரியாது, குழாயில் நீர் வராது. குடிபுக இயலாத அந்த மாதங்களில் வாடகையையும் கடன் தவணையையும் ஒருசேரச் செலுத்த நேரிடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ள கல்லாறு போன்ற ஊர்களில் இந்த இடர் இன்னும் மிகுதி. சரிவான நிலம், மண்ணுக்கடியில் பாறை, ஆண்டில் இருமுறை பெய்யும் பருவமழை ஆகிய மூன்றும் சேர்ந்து குழி தோண்டும் வேலையைக் கடினமாக்குகின்றன.

வழியுரிமையை முதலில் உறுதி செய்யுங்கள்

சரிவில் அமைந்த பல மனைகளுக்குப் பிறர் நிலத்தின் வழியாகவே பாதை இருக்கும். பத்திரத்தில் நடப்பதற்கும் வண்டி செல்வதற்கும் உரிமை எழுதப்பட்டிருந்தாலும், குழாயோ கேபிளோ பதிக்கும் உரிமை குறிப்பிடப்படாமல் இருக்கலாம். வாய்மொழிச் சம்மதத்தை நம்புவது நன்றன்று. நிலம் கைமாறினால் அச்சம்மதமும் மறைந்துபோகும். மனை வாங்கும்போதே இவ்வுரிமையைப் பத்திரத்தில் சேர்த்துப் பதிவு செய்துகொள்வது சிறந்தது. சாலையைக் குறுக்காகத் தோண்ட வேண்டுமாயின், அது ஊராட்சிச் சாலையா, பொதுப்பணித்துறைச் சாலையா என்று அறிந்து, உரிய அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

மின்சாரம்

2020ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமைகள் விதிகள், 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, புதிய இணைப்புக்குக் காலவரம்பு விதிக்கின்றன: பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள், மலைப்பாங்கான கிராமப் பகுதிகளில் 30 நாள். விண்ணப்பம் குறைவின்றி இருந்தால்தான் இந்நாட்கள் கணக்கிடப்படும். புதிய கம்பம் நட்டோ மின்பாதையை நீட்டித்தோ இணைப்புத் தர வேண்டுமாயின் கூடுதல் காலமும் செலவும் ஆகும். ஆகவே, அடித்தள வேலை தொடங்குமுன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மதிப்பீடு கேட்டுவிடுங்கள்.

தாழ்வழுத்தக் கேபிளை 75 செ.மீ. ஆழத்திலும், சாலையைக் கடக்குமிடத்தில் 1 மீட்டர் ஆழத்திலும் புதைக்க இந்தியத் தர நிறுவனத்தின் நெறிமுறை கூறுகிறது. கீழே மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி, எச்சரிக்கை நாடாவும் இடுவது வழக்கம். பாறை குறுக்கிட்டு அந்த ஆழம் கிட்டாவிடில், பொறியாளரின் ஆலோசனைப்படி கேபிளைக் குழாய்க்குள் செலுத்திக் கான்கிரீட் காப்பிடலாம். பாறை நிலத்தில் எர்த் இணைப்பும் எளிதில் திறம்பட அமையாது. ஈரமான மண்ணுள்ள இடத்தைத் தேர்ந்து, அதன் மின்தடையை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு அளந்து உறுதி செய்ய வேண்டும்.

குடிநீரும் கழிவுநீரும்

பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊர்களில் ஒவ்வொரு வீடும் தன் கழிவைத் தன் மனைக்குள்ளேயே சேமிக்க வேண்டியுள்ளது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள்ளும், மனையின் எல்லையிலிருந்து 1.2 மீட்டருக்குள்ளும் செப்டிக் தொட்டியோ உறிஞ்சுகுழியோ அமைக்கலாகாது என்பது கேரளக் கட்டட விதி. அண்டை வீட்டுக் கிணறும் இதில் அடங்கும். சரிவு நிலத்தில் இத்தூரம் மட்டும் போதாது. கிணறு மேட்டிலும் தொட்டி பள்ளத்திலும் அமைவதே பாதுகாப்பு. இரண்டின் இடத்தையும் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். வீடு எழுந்தபின் மாற்ற இயலாது.

குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரே குழியில் பதிக்கக் கூடாது. அடித்தளச் சுவரில் இவற்றுக்கான துளைக்குழாய்களை முன்னரே வைத்துவிட்டால், பிற்பாடு சுவரை உடைக்கும் செலவு மிஞ்சும்.

காலமும் கடனும்

தோண்டும் வேலையை இடவப்பாதி மழைக்கு முன், ஜனவரி முதல் மே மாதத்திற்குள் முடிப்பது நலம். நனைந்த சரிவில் தோண்டிய குழி சரிந்துவிடக்கூடும். மண்ணிட்டு மூடுமுன், நிலையான இரு புள்ளிகளிலிருந்து தூரத்தை அளந்து எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடன், கட்டுமானம் முன்னேறும் படிக்கேற்பவே வழங்கப்படுகிறது. எனவே மதிப்பீட்டில் மின்இணைப்பு, குடிநீர், கழிவுநீர், எர்த், சாலை சீரமைப்பு ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாகக் காட்டுங்கள். பாறை எதிர்ப்படும் நிலத்தில் இவ்வினங்களுக்கு ஓரளவு கூடுதல் ஒதுக்கீடும் வேண்டும்.

தாமதத்தால் வரிச்சலுகையும் குறையக்கூடும். பழைய வரிமுறையில், சொந்தக் குடியிருப்புக்கான கடன்வட்டியில் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை கழிவு உண்டு. கடன் பெற்ற நிதியாண்டின் முடிவிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானம் நிறைவேறாவிடில், அவ்வரம்பு ரூ.30,000 ஆகச் சுருங்கிவிடும்.

வேலை நிறைவுற்றதும் ஊராட்சியில் நிறைவு அறிக்கை அளித்து, குடியேற்றச் சான்றும் வீட்டு எண்ணும் பெறுங்கள். கட்டுமானத்திற்கெனப் பெற்ற தற்காலிக மின்இணைப்பை வீட்டுக் கட்டணப் பிரிவுக்கு மாற்ற இவை துணைபுரியும். அவற்றின் நகல்களை எங்கள் கிளையிலும் அளித்தால், உங்கள் கடன் கோப்பும் முழுமை பெறும். மதிப்பீடு தயாரிக்கும் நிலையிலேயே கிளை அலுவலரைக் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.