‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்றால் போதுமா? இணைய வியாபாரிகளே, கவனம்!

ஜோர்ஜ்டவுன் - பேரம் பேசாமல் வாங்க முன்வரும் வெளிநாட்டவர், “கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை என் ஏஜெண்டுக்குப் போடுங்கள்” என்றால் எச்சரிக்கை தேவை. பெரும்பாலும் அவர் எதையும் அனுப்பியிருக்க மாட்டார். நீங்கள் போடுவதோ உங்கள் சொந்தப் பணம்.

“பொருளை அனுப்பினால்தான் பணம் விடுவிக்கப்படும்” என வங்கியின் பெயரில் வரும் மின்னஞ்சலையும் ரசீதுப் படத்தையும் நம்ப வேண்டாம். வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள். காசோலையாக இருந்தால், கணக்கில் தெரிந்த பிறகும் திரும்பிவிடலாம்.

ஏஜெண்டின் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம். அங்கே புகார் இல்லை என்பது மட்டுமே நற்சான்று ஆகாது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். உடனே 997-ஐ அழைத்து, பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுக்க அதுவே வழி.