ரூ.3 ஆயிரம் கொடுத்து இசைத்தட்டு வாங்குகிறீர்களா? பின் அட்டையைப் படியுங்கள்!

தரமணி என்றால் ஒரு காலத்தில் பாலிடெக்னிக், பிலிம் இன்ஸ்டிடியூட். அவ்வளவுதான். 2000-ம் ஆண்டில் டைடல் பார்க் திறந்தார்கள். அதன் பிறகு இந்தப் பக்கமே மாறிப் போனது. எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் கம்பெனி வாலிபர்கள். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்போன்!

அப்படி ஒரு வாலிபருக்குச் சம்பளம் வந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். வாடகை, மெஸ் பணம், ஊருக்கு அனுப்பியது போகக் கையில் ரூ.3 ஆயிரம் மிச்சம். இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறதே, கறுப்பு இசைத்தட்டு, அதில் ஒன்று வாங்க ஆசை.

"ஃபங்க்ங்கறாங்க, ஜாஸ் ஃபியூஷன்ங்கறாங்க, ஹிப் ஹாப்ங்கறாங்க. எல்லா அட்டையும் பளபளன்னு இருக்கு. எதைண்ணே வாங்கறது?"

நியாயமான கேள்வி. வெளிநாட்டில் இருந்து வரும் எல்.பி. தட்டு ஒன்று ரூ.3 ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். தப்பான தட்டை வாங்கினால் ஒரு மாத ஆசை பாழ்.

இதற்கு ஒரே ஒரு வழி உண்டு. முன் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து மயங்காதே தம்பி. திருப்பிப் பின் அட்டையைப் படி. யார் யார் வாசித்தார்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பெயர்கள்தான் வழிகாட்டி!

மூன்றும் ஒரே குடும்பம்

ஃபங்க் என்பது 1960-களில் அமெரிக்கக் கறுப்பர்கள் உண்டாக்கிய ஆட்டப் பாட்டு. ஜேம்ஸ் பிரவுன்தான் இதற்குப் பெரியவர். தாளத்தின் முதல் அடியை அழுத்திப் போடுவார்கள். பாஸ் கித்தாரும் டிரம்சும்தான் ராஜா, மந்திரி.

ஜாசுடன் எலெக்ட்ரிக் கித்தாரையும் ராக் இசையையும் கலந்தால் ஜாஸ் ஃபியூஷன். மைல்ஸ் டேவிஸ் 1970-ம் ஆண்டில் வெளியிட்ட 'பிட்சஸ் புரூ' இதற்குப் பெரிய திருப்பம்.

ஹிப் ஹாப் 1973-ம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. பழைய ஃபங்க் தட்டுகளில் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, அதன் மேல் பேச்சுப் பாட்டுப் பாடினார்கள்.

ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று உறவு. ஒரு தட்டில் பார்த்த பெயர் இன்னொரு தட்டிலும் வரும். அதைப் பிடித்துக் கொண்டே போகலாம்.

சென்னைக் கடம்

ஒரு உதாரணம். 'சக்தி' என்ற ஃபியூஷன் குழுவின் முதல் தட்டு. 1975-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. முன் அட்டையில் பெரிதாக இருக்கும் பெயர் ஜான் மெக்லாலின். வெள்ளைக்காரர், கித்தார் வாசிப்பவர்.

பின்னால் திருப்பிப் படித்தால்? தபேலா, ஜாகிர் உசேன். வயலின், எல்.சங்கர். மிருதங்கம், ராமநாதபுரம் ராகவன். கடம், டி.எச்.விநாயக்ராம். நம்ம சென்னை விக்கு விநாயக்ராம்தான்!

அதே விக்குவின் பெயர் 'பிளானட் டிரம்' என்ற 1991-ம் ஆண்டு தட்டிலும் இருக்கிறது. அந்தத் தட்டுக்குக் கிராமி பரிசு கிடைத்தது.

'சக்தி'யின் புதுத் தட்டு 2023-ம் ஆண்டில் வந்தது. பெயர் 'திஸ் மொமண்ட்'. அதில் அப்பா இருந்த இடத்தில் மகன் செல்வகணேஷ். வயலினில் கணேஷ் ராஜகோபாலன், பாட்டில் சங்கர் மகாதேவன். 2024 பிப்ரவரியில் இதற்கும் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார். அவருடைய தபேலாவைக் கேட்கவாவது இந்தத் தட்டை வாங்கலாம்.

அண்ணன் தம்பிகள்

வயலின் சங்கரின் அண்ணன் எல்.சுப்பிரமணியம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து விட்டு வயலின் பக்கம் போனவர். 1981-ம் ஆண்டில் வந்த அவருடைய 'பிளாசம்' தட்டின் பின் அட்டையில் ஹெர்பி ஹான்காக் என்ற பெயர் இருக்கிறது. இன்னொரு அண்ணன் எல்.வைத்தியநாதன். 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசை போட்டவர்!

யார் அந்த ஹான்காக்? 1973-ம் ஆண்டு 'ஹெட் ஹன்டர்ஸ்' தட்டைப் போட்டவர். ஜாசும் ஃபங்கும் சரிபாதி கலந்த தட்டு. அதில் தாளம் வாசித்த பில் சம்மர்ஸ் காலி பீர் பாட்டிலை ஊதி ஒரு பாட்டைத் தொடங்கி வைக்கிறார். வாத்தியங்களின் பட்டியலில் 'பீர் பாட்டில்' என்றே போட்டிருக்கிறார்கள்!

பார்த்தீர்களா? மைலாப்பூர் சபா வயலினில் தொடங்கி, அமெரிக்க ஃபங்க் வரைக்கும் வந்து விட்டோம். வழி காட்டியது வெறும் பெயர்கள்.

பெயர் இல்லாதவர் கதை

பெயர் போடாவிட்டால் என்ன ஆகும்? கிளைட் ஸ்டப்பில்ஃபீல்டு என்ற டிரம்ஸ்காரரைக் கேட்க வேண்டும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் சில வினாடிகள் தனியாக வாசித்தார். 1970-ம் ஆண்டில் அந்தப் பாட்டு வெளிவந்தது.

பிற்பாடு நூற்றுக்கணக்கான ஹிப் ஹாப் பாட்டுகளில் அந்தத் தாளத்தை வெட்டி ஒட்டினார்கள். பாட்டை எழுதியவர் என்று அவர் பெயர் பதிவாகவில்லை. அதனால் ராயல்டி பணம் அவருக்கு வரவில்லை. 2017-ம் ஆண்டில் காலமானார்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். பழைய சினிமா இசைத்தட்டை எடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர். அதோடு சரி! பாஸ் கித்தார் வாசித்தவர் யார், டிரம்ஸ் அடித்தவர் யார், மூச்சு! தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் வெறும் கேசட் கொடுத்துப் பாட்டு பதிந்து வாங்கிய காலத்தில் அட்டையே கிடையாது. கையால் எழுதிய பட்டியல்தான்.

ஏ.ஆர்.ரகுமான் வந்த பிறகுதான் கேசட், சி.டி. உறையில் வாசித்தவர்களின் பெயர்களை வரிசையாகப் பார்க்க முடிந்தது. பாஸ் கித்தார் கீத் பீட்டர்ஸ், புல்லாங்குழல் நவீன் என்று ரசிகர்கள் தெரிந்து கொண்டார்கள்.

ராஜா பாட்டும் உறுமியும்

ஹிப் ஹாப் தட்டு வாங்குபவர்கள் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். எந்தப் பழைய பாட்டில் இருந்து எடுத்தார்கள் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும்.

'பிளாக் ஐட் பீஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் 'எலிஃபங்க்' தட்டு 2003-ம் ஆண்டில் வந்தது. அதில் ஒரு பாட்டுக்கு அடிப்படை, 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தில் இளையராஜா போட்ட மெட்டு! ரஜினியின் 100-வது படம் அது.

லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 2007-ம் ஆண்டு 'கலா' தட்டை வெளியிட்டார். தாயார் பெயரையே தட்டுக்கு வைத்தார். அதன் ஒரு பகுதியைச் சென்னைக்கு வந்து பதிவு செய்தார். உறுமி மேளம் அதிர்கிறது. முதல் பாட்டில் 'தளபதி' படப் பாட்டு ஒன்றும் எட்டிப் பார்க்கிறது.

தமிழிலேயே வேண்டுமா? மலேசியாவில் இருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006-ல் வந்தது. கோவை வாலிபர் ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' 2012-ல். கானாவும் ராப்பும் கலந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018-ல் சென்னையில் மேடை ஏறியது. அதில் பாடிய அறிவு, ஓஃப்ரோவுடன் சேர்ந்து 2019-ல் 'தெருக்குரல்' கொடுத்தார்.

அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-ம் ஆண்டில் உலகத்தையே ஆட வைத்தது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. 'எழுதியவன் எங்கே?' என்று ரசிகர்கள் கேட்டார்கள். பெயர் என்பது சின்ன விஷயமா, சொல்லுங்கள்!

வாங்கும் முன்

சரி, கடைக்குப் போகிறீர்கள். சில யோசனைகள்:

முதலில் போனில் முழுத் தட்டையும் இரண்டு தடவை கேளுங்கள். ஒரு ஹிட் பாட்டுக்காக வாங்காதீர்கள். இரண்டாம் பக்கமும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எல்.பி.யில் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும்.

பழைய தட்டு என்றால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் வேண்டாம். கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி வளைந்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஜன்னல் ஓரம், காருக்குள் ஆகாது. சென்னை வெயில் தட்டை வளைத்து விடும். தேய்ந்த ஊசியும் தட்டுக்கு எமன்.

மாதம் ஒன்று போதும். இந்த மாதம் ஃபங்க் என்றால் 'ஹெட் ஹன்டர்ஸ்', அடுத்த மாதம் ஃபியூஷனுக்கு 'திஸ் மொமண்ட்', அதற்கு அடுத்த மாதம் ஹிப் ஹாப்புக்கு 'கலா'. பணம் இல்லையா? 'தெருக்குரல்' போனிலேயே கேட்கலாம்.

அட்டையை எறியாதீர்கள்

தரமணியில்தான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த பழைய புத்தகங்கள், பத்திரிகைகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. சினிமா பாட்டுப் புத்தகங்கள்கூட உண்டு. படம் முடிந்ததும் கொட்டகை வாசலில் கசக்கிப் போட்ட காகிதத்தை ஒருத்தர் எடுத்து வைத்தார். இன்றைக்கு அதைப் பார்த்துத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் காலத்துப் பெயர்களைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அதனால் தம்பி, தட்டை வாங்கியதும் உறையைத் தூக்கி எறிந்து விடாதே. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து ஊசியை வைத்த பிறகு, அந்தப் பொடி எழுத்தை ஒரு தடவை வாய் விட்டுப் படி.

அடுத்த மாதம் எந்தத் தட்டு வாங்குவது என்று அதிலேயே எழுதியிருக்கும்!