மெய் வேகமும் பொய் வேகமும்

சலம் கழித்தலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுதல் ஒரு தமிழாசிரியனுக்குத் தகுமோ என வாசக நேயர்கள் வினவலாம். வாய்விட்டுச் சொல்ல நாணி இளையோர் படும் துன்பத்தைக் கண்டபின் எழுதாதிருத்தலே தகாது என்பது என் துணிபு.

என்னிடம் இலக்கணம் பயிலும் மாணவர் ஒருவர், வயது இருபத்திரண்டு. ஒரு பாடவேளைக்குள் இருமுறை எழுந்து வெளியே செல்வார். "யான் சந்தி விதி தொடங்கினால் உமக்குப் பிரிவு விதி தொடங்கிவிடுகின்றதே" என ஒருநாள் நகையாடினேன். வகுப்பு முழுதும் சிரித்தது. மறுவாரம் அவர் வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். "ஐயா, விடிந்தது முதல் ஒரு மிடறு நீரும் அருந்தாமலே வகுப்புக்கு வருவேன், அப்படியிருந்தும் அடக்க முடியவில்லை" எனத் தலைகுனிந்து சொன்னார். நாணியவர் அவர், நாணவேண்டியவன் யான்.

வைத்தியரிடம் சென்றார். சலப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லை, நீரிழிவும் இல்லை. சிறுநீர்ப்பை மிகையாகத் தொழிற்படுதலே குறை என்றார் வைத்தியர். வளர்ந்தோரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அது நிரம்புமுன்னரே அதன் சுவர்த்தசை சுருங்கத் தலைப்படின் தாங்கொணா அவசரம் எழும். இது முதியோர்க்கே உரியதென்று எண்ணுதல் பிழை.

சித்த மருத்துவம் அடக்கலாகாதன எனப் பதினான்கு வேகங்களைக் கூறும். சிறுநீர் அவற்றுள் ஒன்று. அவசரத்தைச் சற்றுத் தாழ்த்துக எனும் இன்றைய வைத்தியம் அதற்கு முரணன்றோ? அன்று என்பேன். பை நிரம்பி எழுவது மெய் வேகம். நிரம்பாதபோது எழுவது பொய் வேகம். முன்னையதை அடக்கலாகாது, பின்னையதைப் பழக்கலாம்.

பழக்குமாறு எங்ஙனம்? பருகிய நீரின் அளவையும் சலம் கழித்த வேளைகளையும் மூன்று நாள் குறித்துக் கொள்க. மணிக்கொருமுறை செல்பவர் முதலில் 15 நிமிடம் தாழ்த்துக. அது எளிதானபின் மேலும் 15 நிமிடம் கூட்டுக. அவசரம் எழின் ஓடற்க. நின்றவாறே, சலத்தைத் தடுத்து நிறுத்தும் தசைகளை ஐந்தாறு முறை இறுக்கித் தளர்த்துக. தணிந்தபின் மெல்ல நடக்க. இத்தசைப் பயிற்சியை மகப்பேற்றின் பின் தளர்ந்த தாய்மாருக்கென 1948 இல் எழுதி வெளியிட்டவர் ஆர்னல்ட் கேகல் எனும் அமெரிக்க வைத்தியர். ஆடவர்க்கும் அது பயன் தரும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை செல்லலாம்.

தேநீர், கோப்பி, சோடா வகைகள் பையைத் தூண்டுவன; அவற்றைக் குறைத்தல் நன்று. தண்ணீரைக் குறைத்தலோ தீது. செறிந்த சலம் பையை உறுத்தும். மலச்சிக்கலும் பையை நெருக்கும்; கீரை, பழம், குரக்கன் ஆகியவை அதற்குத் துணையாகும். எனினும் எரிவு, காய்ச்சல், சலத்தில் இரத்தம், கால் மரத்தல், மிகுதாகம் காணின் பயிற்சியை நம்பி இராது உடனே வைத்தியரை நாடுக.

மாணவர் திரும்பி வந்துவிட்டார். இப்பொழுது நீர்ப்போத்தலுடன் வருகின்றார்; பெரும்பாலான நாள்களில் ஒரு பாடவேளையை முழுதும் இருந்து முடிக்கின்றார். யானும் ஒன்று கற்றேன். வெளியே செல்ல என்னிடம் அனுமதி கேட்கும் வழக்கம் என் வகுப்பில் இன்று இல்லை.