பிலிப்பைன்ஸ் 'சியோமாய்' வீட்டில் செய்வது எப்படி? கவனிக்க வேண்டியவை என்ன?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் தெருவோரக் கடைகள் முதல் வணிக வளாகங்கள் வரை எங்கும் கிடைக்கும் மலிவான சிற்றுண்டி 'சியோமாய்'. சீனக் குடியேறிகள் வழியாக அந்நாட்டுக்கு வந்த இந்த ஆவி உணவு, இன்று சோற்றுக்குத் துணைக்கறியாகவும் உண்ணப்படுகிறது. மணிலாவின் சீனர் குடியிருப்பான பினோண்டோ, ஸ்பானியர் ஆட்சியில் 1594-ல் உருவானது.

சியோமாய்க்கு அடிப்படை பன்றி இறைச்சி. 2019 செப்டம்பரில் அந்நாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. இந்நோய் மனிதரைத் தாக்காது. ஆனால் இறைச்சியின் விலை கடுமையாக ஏறியது. 2021 பிப்ரவரியில் மணிலா பெருநகரப் பகுதியில் பன்றி, கோழி இறைச்சிகளுக்கு அரசே உச்ச விலை நிர்ணயிக்க நேர்ந்தது. இறைச்சி விலை ஏறினால் மலிவுச் சிற்றுண்டியில் மாவு கூடி இறைச்சி குறைவது இயல்பே. வீட்டில் செய்வோருக்கு அந்த அளவு தம் கையில் இருக்கிறது.

அரை கிலோ கொத்திய இறைச்சியில் கால் பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பற்ற இறைச்சி வெந்ததும் வறண்டு இறுகிவிடும். இதனுடன் பொடியாக நறுக்கிய 100 கிராம் இறால், துருவிய கேரட், வெங்காயம், ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு, சோயா சாஸ், சிறிது நல்லெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, கையில் ஒட்டும் பதம் வரும்வரை ஒரே திசையில் பிசைய வேண்டும். உப்பு இறைச்சியின் புரதத்தை இளக்கிப் பிணைப்பதால்தான் பூரணம் உதிராமல் நிற்கிறது. அவசரப்படுவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

மெல்லிய கோதுமை மாவுத் தாளின் நடுவில் ஒரு கரண்டி பூரணம் வைத்து, ஓரங்களை மேல்நோக்கி அழுத்த வேண்டும். மோமோவைப் போல வாயை மூடுவதில்லை. எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, நீர் கொதித்த பின்னரே அடுப்பில் ஏற்ற வேண்டும். மூடியைத் துணியால் சுற்றினால் நீர்த்துளி விழுந்து மாவுத் தாள் குழையாது.

15 முதல் 20 நிமிடங்களில் வெந்துவிடும் எனினும், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மேலிருக்கும் தாள் வெந்து பளபளத்தாலும் நடுப்பகுதி வேகாதிருக்கலாம். கொத்திய இறைச்சியில் கிருமிகள் உள்வரை கலந்துவிடும் என்பதால், நடுப்பகுதியின் வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கோழி இறைச்சியெனில் 74 டிகிரி தேவை. உறைய வைத்தவற்றை வெளியே வைத்து இளக்காமல், கூடுதல் நேரம் ஆவியில் வைப்பதே பாதுகாப்பானது.

இதற்குப் பிலிப்பைன்ஸ் அடையாளத்தைத் தருவது தொடுகறியே. 'கலமான்சி' என்னும் சிறிய எலுமிச்சை வகையின் சாற்றைச் சோயா சாஸில் பிழிந்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த பூண்டும் மிளகாயும் மேலே இடுகின்றனர். கலமான்சி கிடைக்காத இடத்தில் எலுமிச்சை உதவும். மணம் மட்டும் சற்று மாறும். மீந்த பூண்டு எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.