ஒரு மில்லிமீட்டர் வாழைக்காய்

வாழைக்காய் வறுவல் நன்றாக வருமா வராதா என்பது எண்ணெய் காய்வதற்கு முன்பே, காயைச் சீவும்போதே முடிவாகிவிடுகிறது. ஒரு வில்லையின் ஒரு ஓரம் ஒரு மில்லிமீட்டரும் எதிர் ஓரம் இரண்டு மில்லிமீட்டருமாக அமைந்துவிட்டால், எவ்வளவு தேர்ந்த கையாலும் அதைச் சரியாகப் பொரித்தெடுக்க முடியாது. வெப்பம் ஒரு பொருளின் நடுப்பகுதிவரை போய்ச்சேர ஆகும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மெல்லிய ஓரம் மொறுமொறுப்பாகிவிட்ட நேரத்தில் தடித்த ஓரத்தில் இன்னும் நீர் நிற்கும். அந்த நீர் போகட்டும் என்று காத்திருந்தால் இந்தப் பக்கம் கருகிவிடும்.

கருகினால் கசக்கும் என்பதோடு விஷயம் நிற்பதில்லை. மாவுப்பொருள் நிறைந்த காய்கறிகளை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்று ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர்கள் 2002-ல் அறிவித்தார்கள். விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. வறுவலின் நிறம் பழுப்பாக ஆக அதன் அளவும் கூடும். பொன்னிறத்தில் நிறுத்த வேண்டுமானால் எல்லா வில்லையும் ஒரே நேரத்தில் வேக வேண்டும். அதற்கு எல்லாம் ஒரே தடிமனில் இருக்க வேண்டும்.

மேண்டலின் ஸ்லைசர் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. பாத்திரக் கடையில் ‘ஸ்லைசர்’ என்றாலோ ‘சிப்ஸ் சீவுற கட்டை’ என்றாலோ எடுத்துக் கொடுப்பார்கள். நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியின் டவுன்ஷிப்பில் இதற்கு வேலை நிறைய. பின்கட்டுத் தோட்டத்தில் வாழை வைத்திருக்கும் குவார்ட்டர்ஸ்கள் பல உண்டு. மலையாளிகளும் தெலுங்கர்களும் கலந்து வாழும் ஊர் என்பதால் நேந்திரங்காய் வறுவலுக்கும் குறைவில்லை.

கருவியின் அமைப்பு எளிது. முன்பலகை ஒன்று, பின்பலகை ஒன்று, நடுவில் கத்தி. கத்தியும் பின்பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கும். முன்பலகை அதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வுதான் வில்லையின் தடிமன். காய் முன்பலகையில் வழுக்கி வந்து கத்தியைச் சந்திக்கும்போது, எவ்வளவு தாழ்வோ அவ்வளவு சீவப்பட்டுக் கீழே விழுகிறது. கையின் நடுக்கமோ கண்ணின் பிசகோ இந்த அளவை மாற்றாது. ஆனால் மிக அழுத்தித் தேய்த்தால் மெல்லிய பிளாஸ்டிக் பலகை வளைந்துகொடுக்கும், அளவும் மாறும். வறுவலுக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் சரியான அளவு. அதைவிட மெலிந்தால் எடைக்கு எடை எண்ணெய் அதிகம் பிடிக்கும்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாணலியில் கொதிக்கும் குமிழிகள் எல்லாம் காயிலிருந்து வெளியேறும் நீராவி. அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைய அவ்வளவாக வழியில்லை. அரித்து வெளியே எடுத்த பிறகு, உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகிறது. துளைகளில் அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அப்போதுதான் உறிஞ்சப்படுகிறது. ஆகவே கரண்டியில் இருக்கும்போதே, சூடு தணிவதற்குள், நன்றாக உதறி வடித்துவிட வேண்டும். தட்டில் கொட்டிய பிறகு தாளில் ஒற்றினால் பாதி எண்ணெய் உள்ளே போயிருக்கும்.

சீவுதலுக்கு வருவோம். ஸ்லைசரின் கத்தி ஏன் நேர்குறுக்காக இல்லாமல் சாய்வாகவோ ‘வி’ வடிவிலோ இருக்கிறது? தக்காளியை மேலிருந்து கத்தியால் அழுத்திப் பாருங்கள், நசுங்கும். அதே கத்தியை முன்னும் பின்னும் இழுத்தால் தோல் உடனே பிளக்கும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டோனி அட்கின்ஸும் சகாக்களும் செடார் பாலாடைக்கட்டியையும் சலாமி இறைச்சியையும் வெட்டி அளந்து இதற்கு 2004-ல் ஒரு கணக்குத் தந்தார்கள். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கு மிக எளிது. கத்தி கீழே இறங்கும் அதே வேகத்தில் பக்கவாட்டிலும் நகர்ந்தால், அழுத்தத் தேவையான விசை பாதியாகும். பக்கவாட்டு வேகம் இரு மடங்கானால் விசை ஐந்தில் ஒரு பங்காகும். 45 டிகிரி சாய்வில் பொருத்திய கத்தியின் மீது காயை நேராகத் தள்ளும்போது, காய் கூர்முனையின் குறுக்கே போகும் அளவுக்கு அதன் நெடுக்கிலும் நகர்கிறது. நீங்கள் நேராகத்தான் தள்ளுகிறீர்கள், சாய்வு அதை அறுப்பாக மாற்றுகிறது.

இதன் உள்காரணத்தை 2012-ல் ஒரு ஆய்வு காட்டியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல்.மகாதேவனும் அவரது குழுவினரும் அகர் கூழை மெல்லிய கம்பியால் அறுத்துப் பார்த்தார்கள். நேராக அழுத்தினால் கூழ் ஆழமாகக் குழிந்து, பெரும்பகுதி உருக்குலைந்த பிறகே பிளந்தது. பக்கவாட்டில் இழுத்தபடி அழுத்தினால், கம்பி தொட்ட இடத்தில் மேற்பரப்பு இழுபட்டு, குழிவதற்கு முன்பே பிளவு தொடங்கிவிட்டது. அந்தப் பிளவு தொடங்கிய பின் வெட்டு தானாக ஓடும்.

நம் வீட்டு அருவாமனையைச் செய்த கொல்லர்களுக்கு இந்தக் கணக்கு கையில் இருந்தது. அருவாமனையின் கத்தி நேராக நிற்பதில்லை, முன்னோக்கி வளைந்து நிற்கிறது. காயை அதன் மீது தள்ளும்போது வளைவின் வழியே காய் நழுவிக்கொண்டே அறுபடுகிறது. கத்தி அசையாமல் நிற்க, காய் அசையும் ஏற்பாடும் அங்கேயே இருந்தது. பூசணிக்கீற்றையும் வாழைப்பூவையும் அதில் அரிந்த தலைமுறைக்கு ஸ்லைசர் அந்நியமான யோசனை இல்லை. அருவாமனையில் இல்லாதது தடிமனைக் கட்டுப்படுத்தும் பலகை ஒன்றுதான். அந்த அளவை அரிபவரின் கட்டைவிரல் பார்த்துக்கொண்டது.

நெய்வேலியில் சீவுதல் என்றால் சமையலறையைத் தாண்டியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 1957 மே மாதம் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் மேல்மண்ணைச் சீவி எடுத்த காலம். இன்றும் சுரங்கத்தின் முதன்மை வேலை அதுதான். அதைச் செய்பவை ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிந்த பக்கெட் வீல் இயந்திரங்கள். பெரியவற்றில் ஒவ்வொரு வாளியும் 1,400 லிட்டர் கொள்ளும். வாளிச் சக்கரம் சுழன்றபடி இருக்க, அதைத் தாங்கும் நீண்ட கை இடமும் வலமுமாக அசைகிறது. கையின் ஒவ்வொரு அசைவுக்கும் இயந்திரம் முன்னே வைக்கும் அடிதான் சீவலின் தடிமன். கை வட்டப்பாதையில் அசைவதால், சீவல் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் பிறை வடிவில் அமைந்துவிடும். மெலிந்த இடத்தில் வாளி பாதி நிறைந்து போகக்கூடாது என்பதற்காக, ஓரத்தை நெருங்கும்போது கை அசையும் வேகத்தைக் கூட்டுவார்கள். நேர்ப்பலகையில் காயைத் தள்ளும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அந்த இயந்திரம் படும் இன்னொரு பாடு நம் கத்திக்கும் உண்டு. நெய்வேலியின் மேல்மண்ணில் கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் பாறை இருக்கிறது. அது கடினமானது, அரிக்கும் தன்மை மிகுந்தது. வாளிகளின் பற்களை அது வேகமாகத் தேய்த்துவிடும் என்பதால், முதலில் வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு அதன் பிறகே வெட்டுகிறார்கள். மணலில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தன்மையில் அது கத்தி எஃகைவிட மேல். சேனையையும் மரவள்ளிக்கிழங்கையும் உருளையையும் மண்ணோடு ஸ்லைசரில் தேய்த்தால், ஒட்டியிருக்கும் மணல்துகள் கத்தியின் கூரை அங்கங்கே மழுக்கிவிடும். ஒருமுறை மழுங்கிய ஸ்லைசர் கத்தியை வீட்டில் சாணை பிடிப்பதும் கடினம். கிழங்கை நன்றாகக் கழுவி, தோல் சீவி, மறுபடியும் அலசிய பிறகே கத்திக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெங்காயமும் சாட்சி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வெங்காயம் வெட்டுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2025-ல் வெளியிட்டார்கள். மழுங்கிய கத்தி வெங்காயத்தின் தோலைக் குழியச் செய்து உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. தோல் பிளந்ததும் சாறு நுண்துளிகளாகப் பீறிட்டுக் கண்வரை வருகிறது. கத்தி கூராகவும் வெட்டு நிதானமாகவும் இருந்தால் துளிகள் குறைகின்றன. பிரியாணிக்கு வெங்காயம் சீவும்போது வேகம் காட்டாதீர்கள்.

எல்லாக் காய்க்கும் ஸ்லைசர் ஆகாது. வாழைக்காய், உருளை, சேனை, பாகல், வெள்ளரி, முட்டைகோஸ் இதில் அழகாக வரும். வாழைக்காயின் பால் கத்தியில் பிசுபிசுக்கும் என்பதால் கையிலும் கத்தியின் பலகையிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. சீவிய வில்லைகள் காற்றுப்பட்டுக் கறுப்பதைத் தடுக்க மோரிலோ மஞ்சள் நீரிலோ போடலாம். பொரிக்கும் முன் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும். நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான பண்ருட்டியிலிருந்து வரும் பலாக்காயின் சுளைக்குக் கத்திதான் ஏற்றது. சுளை வளைந்தது, நார் மிகுந்தது, பலகையில் படியாது. வறுவல் கடையில் மாஸ்டர் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே கட்டையைப் பிடித்து நேராகச் சீவித் தள்ளுவதைப் பார்த்து வீட்டில் யாரும் முயல வேண்டாம். அவருக்கு அது தினசரிப் பழக்கம், அவருடைய சட்டியும் பெரிது.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமான விஷயம். குறைந்த விசையில் அறுப்பு என்பது காய்க்கு மட்டும் பொருந்தும் விதி இல்லை. விரல் நுனியும் மென்மையான, நீர் நிறைந்த பொருள். கத்தியின் கூரில் விரலை மெல்ல வைத்து அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே விரல் கூரின் நெடுக்கில் நழுவினால், வலி தெரிவதற்கு முன்பே தோல் போய்விடும். வெறும் தாள்கூட இப்படி அறுக்கிறது. சுமார் 65 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள தாளே தோலை அறுப்பதில் மிக ஆபத்தானது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2024-ல் கண்டார்கள். அதைவிட மெல்லிய தாள் மடங்கிவிடும், தடித்த தாளில் கூர் போதாது. ஸ்லைசரின் எஃகோ மடங்காது, சாய்வாகவும் நிற்கிறது. காய் தேயத் தேய விரல் கத்தியை நெருங்கிக்கொண்டே வருகிறது. தள்ளும் கைக்கு ஒரு தாளம் படிந்துவிட்ட பிறகு, கடைசித் துண்டில் அந்தத் தாளம் நிற்பதில்லை.

ஸ்லைசரால் படும் காயம் பெரும்பாலும் சாய்வாக, விரல்நுனிச் சதையைச் சீவிக்கொண்டு போகும். இத்தகைய சாய்வான வெட்டுகளைச் சரிசெய்ய உலகெங்கும் கையாளப்படும் ஒரு முறை சென்னையில் பிறந்தது. ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்த பேராசிரியர் ஆர்.வெங்கடசுவாமி, என்.சுப்பிரமணியனுடன் சேர்ந்து 1980-ல் அதை வெளியிட்டார். விரலின் ஒரு பக்கத்திலிருந்து முக்கோண வடிவில் தோலையும் சதையையும், அதற்குரிய ரத்தக்குழாயும் நரம்பும் அறுபடாமல், முன்னே நகர்த்தி நுனியை மூடுவார்கள். நரம்பு கூடவே வருவதால் நுனிக்குத் தொடு உணர்வும் கிடைக்கிறது.

எல்லாக் காயமும் அறுவைச் சிகிச்சைவரை போகாது. எலும்பு தெரியாத சிறு காயங்கள் மருத்துவர் கட்டும் முறையான கட்டிலேயே ஆறிவிடும். வெட்டியவுடன் காபித்தூளையோ மஞ்சளையோ வைத்து அப்ப வேண்டாம். ஓடும் நீரில் அலசி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டாகிப்போன பகுதி இருந்தால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி சதையைத் தொடக்கூடாது. தடுப்பூசி குறித்தும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காயமே படாமல் தடுப்பது இதைவிட நல்லது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ம் பிரிவில், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. ஷிஃப்டுக்குத் தலைக்கவசமும் காலணியும் இல்லாமல் போகாத குடும்பங்கள் நெய்வேலியில் ஆயிரக்கணக்கில் உண்டு. அதே வீட்டில் ஸ்லைசரோடு வந்த கைப்பிடி, அதாவது முட்கள் கொண்ட அந்தச் சிறு மூடி, பெட்டியோடு பரணுக்குப் போயிருக்கும். அதைத் தேடி எடுங்கள். முதல் தள்ளலிலிருந்தே காயை அதில் குத்திப் பிடியுங்கள், கடைசியில் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அது தொலைந்துபோயிருந்தால் வெட்டுத்தடுப்புக் கையுறை வாங்கலாம். ஐரோப்பிய இ.என். 388 தரத்தில் வெட்டுத்தாங்கும் அளவு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை குறிக்கப்பட்டிருக்கும். ‘சி’ அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். அது அறுப்பதைத் தாங்கும், முனை குத்துவதைத் தாங்காது. கருவியைக் கழுவும்போது விரலால் தடவாமல் தூரிகையால் தேயுங்கள். கத்தியைத் துணியால் துடைப்பதாக இருந்தால் கத்தியின் முதுகிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். வேலை முடிந்ததும் தடிமனைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் கத்தி பலகையோடு மூடிக்கொள்ளும்.

காயின் கடைசி இரண்டு அங்குலத்தை ஸ்லைசரில் சீவ முயல வேண்டாம். வாழைக்காயின் அந்தத் துண்டுகளைக் கத்தியால் நறுக்கி மறுநாள் பொரியலில் சேர்க்கலாம். உருளையின் துண்டுகள் சாம்பாருக்கு ஆகும். சேனையைப் புளி சேர்த்து வேகவைத்து மசியல் செய்யலாம்.