உங்களுக்குத் தெரியுமா? சேலத்துக் குளிருக்குச் சின்னச் சின்ன சுகங்கள்

ஃபேர்லேண்ட்ஸில் காலை நடை போகிறவர்கள் காதில் மப்ளர் ஏறிவிட்டதா? மார்கழி வந்தாச்சு. ஊட்டிக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். வெயிலிலேயே ஊறிய நமக்கு இதுவும் குளிர்தான்!

● சூரியனுக்கு மிக அருகில் பூமி வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. பக்கத்தில் வந்தும் குளிரக் காரணம், பூமியின் சாய்வால் கதிர்கள் நம் பக்கம் சரிந்து விழுவதுதான்.

● வருடத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல். ஆனால், சேலத்தில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி பிற்பாதியில். பொங்கல் முடிந்தும் படுக்கையை விட்டு எழ மனமில்லாதவர்கள், பழியைச் சூரியன் மேலேயே போடலாம்.

● ராத்திரி வானத்தில் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் விடியற்காலையில் குளிர் கூடும். மேகம் இல்லாததால் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. படுக்கும் முன்பே கம்பளியை எடுத்து வைத்துவிடுங்கள்.

● தேங்காய் எண்ணெய் உறைவது ஏறக்குறைய 24 டிகிரியில். பாட்டிலை அடுப்பில் காட்ட வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே உருகிவிடும். கூடவே நீங்களும் உட்கார்ந்தால் இரட்டை லாபம்.

● ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வடக்கே தெரியும் சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சேலத்தைவிட 8 டிகிரி வரை குளிர்ச்சி!

● அந்த மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820-களில். கொண்டுவந்தவர் அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன். காப்பிப் பழம் பறிப்பதும் இதே பனிக்காலத்தில்தான்.

● இஞ்சியைவிடச் சுக்குக்குக் காரம் அதிகம். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால், இன்னும் உறைப்பான ஷோகாலாக மாறுகிறது. சுக்குக் காப்பி தொண்டையில் சுர்ரென்று இறங்கும் ரகசியம் இதுதான்.

● கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறும் கொடியில் விளைகிறது மிளகு. அதிலுள்ள பைப்பரின், சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆறிப்போன மிளகு ரசம்கூடக் கதகதப்பாகத் தோன்றுவது இதனால்தான்.

● சாயங்காலக் குளிருக்கு சேலத்தின் பதில், தட்டுவடை செட். ஒரு தட்டுவடை மேல் பச்சைச் சட்னி, காரச் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். வாங்கியதும் ஒரே வாயில் போட்டுவிட வேண்டும். பேசிக்கொண்டே நின்றால் தட்டுவடை நமுத்துப்போகும்!

● இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, குச்சிக்கிழங்கிலிருந்து அதைத் தயாரிக்கத் தொடங்கியது சேலம். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கைச் சுடச்சுட அவித்துத் தின்பது தனிச் சுகம். ஆனால், பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும்.

● பகல் குறுகினால்தான் நாட்டு அவரையும் மொச்சையும் பூத்துக் காய்க்கும். பொங்கல் குழம்பில் மொச்சை மணப்பது அதனால்தான்.

● கோலத்தில் சாணி உருண்டை மேல் பூசணிப்பூ வைக்க ஆண் பூவைப் பறியுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். அதை விட்டுவைத்தால் கோலத்துக்குப் பூவும் ஆச்சு, குழம்புக்குக் காயும் ஆச்சு.

● நாமக்கல் ஆஞ்சநேயருக்கு உயரம் 18 அடி. தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலோ பனியோ, திறந்த வெளியில்தான் நிற்கிறார். மார்கழியில் வரும் அனுமன் ஜெயந்திக்கு அவருக்குச் சாத்தும் மாலையில் 1,00,008 வடைகள்!

சித்திரை வந்தால் ஃபேன் போதாது, ஏசி வேண்டும் என்று நாமே புலம்பப் போகிறோம். அதற்குள், நாளைக் காலையே ஒரு சுக்குக் காப்பியோடு மாடி வெயிலில் போய் உட்காருங்கள்!