6-4-3: பேஸ்பால் எண்கள் சொல்லும் கதை

பேஸ்பால் ஸ்கோர் அட்டையில் ‘6-4-3’ என்று இருந்தால் அது ரன் கணக்கு அல்ல. பந்து யார் யார் கைக்குப் போனது என்ற கதை!

களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இடத்தைப் பொறுத்து ஓர் எண் உண்டு. பந்து வீசும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் 2. முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைக் காப்பவர்கள் 3, 4, 5. வெளிக்களத்தில் இடது, நடு, வலதுபுறம் நிற்பவர்கள் 7, 8, 9.

இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு மட்டும் ஏன் 6? ஆரம்ப காலத்தில் அவருக்கு நிலையான இடம் கிடையாது. வெளிக்களத்திலிருந்து வரும் பந்தை வாங்கி உள்ளே எறிவதற்காக அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தார். அதனால்தான் பேஸ் காப்பவர்களுக்கு அடுத்த எண் அவருக்கு வந்தது என்கிறார்கள்.

சட்டை எண் வேறு, இந்த எண் வேறு. பேப் ரூத்தின் சட்டையில் இருந்தது 3. அவர் நின்றதோ வெளிக்களத்தில். 1929-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி பேட்டிங் வரிசைப்படி சட்டை எண் கொடுத்தது. அவர் மூன்றாவதாக ஆடியவர்.

இப்போது 6-4-3 புரிந்திருக்குமே? ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். அங்கிருந்து முதல் பேஸுக்கு. ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்!

கேமராவில் பதிவாகாத பழைய ஆட்டத்தைக்கூட, ஸ்கோர் அட்டை கையில் இருந்தால் இப்படிப் படித்தே பார்த்துவிடலாம்.